ஆளுக்கு மூன்று முழம்

மேற்கணக்குத் தேயிலைத் தோட்டத்தில் தலைவர் என்றால் ஒரே ஆள்தான். தோட்டத்துக்குத் துரை மாறுவார், கம்பெனி கைமாறும், நாட்டுக்கு ஜனாதிபதியே மாறுவார். தொழிற்சங்கத் தலைவர் கணேசமூர்த்தி மட்டும் முப்பது வருஷமாக அசையவில்லை. கொட்டகலை பஜாரில் ஆட்டோவில் ஏறி "தலைவர் வீடு" என்று சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் அவர் வாசலில் இறக்கிவிடுவார்கள். இதெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தும், தன் மலையேறும் குழுவுக்குப் பழைய சாமான் கேட்டு ஆஸ்திரியாவுக்கு எழுதிய தனுஷிகா, பெயருக்குக் கீழே 'பிரசிடென்ட்' என்று போட்டுக்கொண்டாள். மொத்தமே நாலு பெண்கள் உள்ள குழு. அதற்கு ஒரு பிரசிடென்ட். ஆசை சின்னதுதான், அதற்குப் பட்ட பாடு பெரிது.

தனுஷிகா பொல்பிட்டியவைத் தாண்டி, ஆற்றங்கரையில் வெள்ளைக்காரர்களுக்குப் படகு விட்டுப் பாறை ஏற்றிக் காட்டும் ஒரு முகாமில் வேலை செய்தாள். பாறை ஏறுவதை அங்கேதான் கற்றுக்கொண்டாள். நன்றாகவே ஏறுவாள். ஆனால் முகாமில் வழிகாட்டி வேலை ஆண்களுக்கு. அவளுக்குப் பை தூக்குகிற வேலை. அவள் தோட்டத்துக்குப் பின்னாலேயே மொட்டைப்பாறை சும்மா நின்றுகொண்டிருந்தது. அதில் தன் பெண்களோடு ஏறிப் பழகி, ஒருநாள் அங்கேயே தானே வழிகாட்டியாக நிற்க வேண்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம். ஆஸ்திரியச் சங்கத்தின் பிரிகிட்டா அம்மையார் முதலில் பெட்டி அனுப்புவதாகவும், இலங்கை வரும்போது நேரில் வந்து பார்த்துப் பிடித்திருந்தால் பாறையில் ஆணி அடித்துப் பயிற்சி கொடுக்க ஆள் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார். பிடிக்காவிட்டால், பழையபடி பைதான்.

பெட்டி வந்த வாரம் தனுஷிகா முகாமில் இருந்தாள். வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை பிரிகிட்டா வருகிறார் என்று லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் குழுவின் இன்னொரு பெண் றோசலின் அங்கேயே காத்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"தனுசு, பெட்டி வந்திருச்சுடி."

"எங்க வச்சிருக்க?"

"நான் எங்கயும் வைக்கல. எல்லா வீட்டுலயும் இருக்கு."

நடந்தது இதுதான். தனுஷிகாவின் முழுப்பெயர் ஆஸ்திரியாக்காரர்களின் வாயில் நுழையவில்லையோ என்னவோ, பெட்டியின் மேல் 'பிரசிடென்ட், மேற்கணக்கு' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார்கள். தோட்ட ஆபிஸ் கிளாக்கர் படித்துப் பார்த்து, பிரசிடென்ட் என்றால் தலைவர் என்று மிகச் சரியாக மொழிபெயர்த்து, கணேசமூர்த்தியைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டார். கணேசமூர்த்தி திறந்து பார்த்தார். கயிறு, சப்பாத்து, தொப்பி, பெல்ட். மழையில் மண் சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக உள்ள லயத்தின் ஒரு கோடி போன நாளிலிருந்து தோட்டத்துக்குப் பெட்டியில் எது வந்தாலும் அது நிவாரணம்தான். ஆகவே இதுவும் நிவாரணம்.

நிவாரணம் பிரிப்பதில் தலைவர் ஏற்கனவே சூடுபட்டவர். மண் சரிந்த சமயம் நாற்பது வீட்டுக்குக் கொஞ்சம் பாய்கள் வந்து, கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் அடிபிடியாகி, அவருடைய சொந்த மச்சினியே அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அவர் கோவில் வாசலில் நின்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார், இனி எது வந்தாலும் எல்லா வீட்டுக்கும் சரிசமம் என்று. அந்தச் சத்தியத்தை இப்போது, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லாரையும் கூட்டி வைத்து நிறைவேற்றினார். சப்பாத்து இருபது ஜோடி இருந்தது, வீடு நாற்பது. கணக்கு இவ்வளவு அழகாக வந்து அவர் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு ஒரு சப்பாத்து.

"கயிறு?" என்று கேட்டாள் தனுஷிகா.

"தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியால வெட்டி, ஆளுக்கு மூணு முழம்," என்றாள் றோசலின். "எங்கம்மா துணி காயப்போட்டிருக்கு. நல்ல கயிறுடி."

தனுஷிகா வழியில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாள். பிறகு, அழுதால் கயிறு ஒட்டாது என்று எழுந்து வீடு வீடாகப் போனாள்.

நாகலெட்சுமி அத்தை கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பாறை ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்கிற வார்ப்பட்டை அவள் மேல் தலைகீழாகத் தொங்கியது. தொடைக்கான வளையங்களில் கையை நுழைத்துத் தோளில் மாட்டி, இடுப்புப் பட்டியை முதுகுக்குக் குறுக்கே இறுக்கியிருந்தாள்.

"அத்த, அது என்னோடது."

"அடி போடி. இது முதுகுவலி பெல்ட்டு. இதப் போட்டதுலருந்து வலியே இல்ல. ஆஸ்பத்திரில வருசக்கணக்கா அந்த வெள்ளக் குளிசயே தந்தாங்க, ஒண்ணும் கேக்கல. என்ன எரிச்சாலும் இதத் தரமாட்டேன்."

"அது கால்ல மாட்டுறது அத்த."

"வலி முதுகுல இருக்குறப்ப கால்ல மாட்டி என்னா செய்ய?"

தனுஷிகா அடுத்த வீட்டுக்கு நடந்தாள். பழனியாண்டி அண்ணன் இடது சப்பாத்தை மட்டும் போட்டுக்கொண்டு மாட்டுக்குப் புல்லறுக்கப் போய்வந்தார். வழுக்குகிற இடத்தில் இடது காலை முதலில் வைப்பாராம், சிங்கம் மாதிரி பிடிக்கிறதாம். வலது சப்பாத்து கிடைத்த வீட்டுக்காரரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, அதனால் ஜோடி சேர வாய்ப்பில்லை. இரும்புக் கொளுக்கிகளில் பாதி, கொழுந்துச் சாக்குகளைத் தராசில் மாட்டப் போயிருந்தன. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கோவில். ஏறும்போது கை வழுக்காமல் பூசிக்கொள்கிற வெள்ளைப் பொடி அங்கே தட்டில் குவிந்திருந்தது. பூசாரி சின்னத்தம்பி அதை அள்ளித் தனுஷிகாவின் நெற்றியில் பட்டையாக இழுத்தார்.

"வெளிநாட்டு விபூதி தாயி. என்னா வேர்த்தாலும் கரையமாட்டேங்குது."

கடைசியாகத் தலைவர் வீட்டுக்குப் போனாள். கணேசமூர்த்தி மலையேறுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு உண்மையிலேயே முகம் வாடிவிட்டது. கெட்ட மனுஷர் இல்லை. நியாயம் என்று வந்துவிட்டால் கத்தியை எடுத்துவிடுகிற வழக்கம், அவ்வளவுதான்.

"தெரியாமப் போச்சே புள்ள. பிரசிடென்ட்னு போட்டிருந்துச்சு, அது நான்தானே?"

"இப்ப அந்தம்மா வந்து கயிறு எங்கன்னு கேட்டா என்னா சொல்றது மாமா?"

தலைவர் யோசித்தார். "முடிச்சுப் போட்டா போச்சு."

தனுஷிகா அவரைப் பார்த்த பார்வையில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

சாமான்களைக் கேட்டு வாங்க முடியாது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆகவே வேறு மாதிரிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரம்மா வருகிறார், சாமான் கிடைத்த எல்லாரையும் போட்டோ எடுப்பார், பொருளோடு மொட்டைப்பாறைக்கு வந்தால்தான் படத்தில் இருக்கலாம் என்று றோசலினை விட்டு லயத்தில் ஒரு பேச்சைக் கிளப்பினாள். அதுவே தீயாகப் பரவியது. ஒரு தடவை எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டால் எப்படியாவது சமாளித்துவிடலாம், கயிற்றுக்கு மட்டும் ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மேற்கணக்கே பாறையடியில் நின்றது. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சேலை கட்டி, தலைவாரிப் பூ வைத்து, கையில் ஆளுக்கு மூன்று முழம் கயிறு. நாகலெட்சுமி பட்டுச்சேலைக்கு மேலே வார்ப்பட்டையைத் தலைகீழாக மாட்டியிருந்தாள். கயிற்றை ஒளித்து வைத்துவிட்டு வாருங்கள் என்று சொல்லாமல் விட்டது தன் தவறுதான் என்று தனுஷிகா தன்னையே நொந்துகொண்டாள். அதற்குள் வேன் வந்துவிட்டது.

பிரிகிட்டா ஐம்பது வயதைத் தாண்டிய, நெட்டையான, எதற்கும் சட்டென்று சிரிக்கிற பெண்மணி. கூட்டத்தையும் கையிலிருந்த துண்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். தனுஷிகா தயாரித்து வைத்திருந்த பொய் எதுவும் வாய்க்கு வரவில்லை. பிரசிடென்ட், நிவாரணம், சத்தியம், கத்தி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டாள். பிரிகிட்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்தபடியே தலைவர் கையிலிருந்த ஆரஞ்சுத் துண்டை வாங்கிப் பார்த்தவர், "அட, இது என்னுடைய கயிறு!" என்று கூவினார். "இதில் நான் ஒரு தடவை பயங்கரமாக விழுந்தேன். உள்ளே எங்கேயோ நைந்துபோயிருக்கும் என்று அதற்குப் பிறகு யாரையும் இதில் ஏறவிடவில்லை. எத்தனையோ வருஷம் கராஜில் கிடந்தது. நல்லவேளை, வெட்டிவிட்டீர்கள். பழைய கயிற்றை நாங்களும் வெட்டித்தான் போடுவோம், யாரும் தெரியாமல் எடுத்து ஏறிவிடக் கூடாது என்று..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். தான் என்ன சொல்கிறோம் என்பது அவர் காதிலும் அப்போதுதான் விழுந்தது.

"என்னா புள்ள சொல்றாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"நீங்க வெட்டுனது ரொம்ப நல்லதாம் மாமா."

தலைவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வீட்டின் முன்னாலும் அவருடைய நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். அவர் எப்போதும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

தனுஷிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கத்தி விழாமல் போயிருந்தால் அந்தக் கயிற்றில் முதலில் தொங்கியிருப்பது அவள்தான். அவளுக்கு அடுத்து றோசலின்.

"நீங்கள் ஏறப் பயந்த கயிற்றை எங்களுக்கு எதற்கு அனுப்பினீர்கள்?"

பிரிகிட்டாவின் முகம் காதுவரை சிவந்தது. "உங்களிடம் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தாய். ஒன்றும் இல்லாததற்கு இது பரவாயில்லை என்று..." அவரால் முடிக்க முடியவில்லை. "தப்பு. பெரிய தப்பு. வேனில் என் சொந்தக் கயிறு இருக்கிறது, இந்த வருஷம் வாங்கியது. அதை எடுத்துக்கொள். இப்போதே ஏறு."

வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கலாம். மரியாதை தெரிந்த பிள்ளை அதைத்தான் செய்யும். தனுஷிகா கயிற்றை ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை கையில் விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"முதலில் நீங்கள் ஏறுங்கள். நான் கீழே பிடிக்கிறேன்."

பிரிகிட்டா தலையாட்டினார். "நியாயம்தான்," என்றார்.

இரண்டு பேரும் பின்பக்கத்துப் பாதை வழியாகப் பாறை உச்சிக்குப் போய் மரத்தில் கட்டிய கொளுக்கி வழியாகக் கயிற்றை விட்டு, இரண்டு நுனியையும் கீழே இறக்கிவிட்டு வந்தார்கள். பிரிகிட்டாவின் பையிலேயே இரண்டு வார்ப்பட்டைகள் இருந்தன, நல்லவை. பிரிகிட்டா ஏறினார். அழகாக ஏறினார் என்றுதான் சொல்ல வேண்டும், நாகலெட்சுமிகூட வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மொட்டைப்பாறையில் காலையில் பெய்த தூறலின் ஈரம் இருந்தது. பாதிக்கு மேலே போனதும் கால் சர்ரென்று வழுக்கி, அம்மையார் அந்தரத்தில் வந்துவிட்டார்.

"ஐயோ, விட்றாதடி!" என்று கூட்டம் அலறியது.

தனுஷிகா விடவில்லை. கயிறு இறுகியது, அவள் இடுப்பு குலுங்கியது, அத்தோடு நின்றது. மேலே பிரிகிட்டா ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்.

"நன்றாகப் பிடித்திருக்கிறாய்! இறக்கு, போதும்!"

தனுஷிகா இறக்கவில்லை. கயிற்றை இடுப்பில் பூட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அடுத்த பெட்டியில் என்ன அனுப்புவீர்கள்?"

பிரிகிட்டா பாறையை ஒரு கையால் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினார். பிறகு, "புதுக் கயிறு!" என்று குரல் வந்தது.

"எத்தனை?"

"இரண்டு!"

"பாறைக்கு ஆணி?"

"ஆணியும்!"

"பயிற்சிக்கு ஆள்?"

"நானே வருகிறேன்! நாலு பேரையும் வழிகாட்டி ஆக்காமல் போகமாட்டேன், போதுமா?" பிரிகிட்டா அங்கே தொங்கிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அவங்க என்னா கேட்டாலும் சரி சரிங்கறாங்களே, எப்பிடி?" என்று நாகலெட்சுமி றோசலினைக் கிள்ளினாள். றோசலின் ஒன்றுவிடாமல் தமிழில் சொல்ல, பாறையடியே சிரிப்பில் அதிர்ந்தது. பூசாரி சின்னத்தம்பி, இன்னும் இரண்டு மூட்டை விபூதியும் கேட்கச் சொல்லிக் கத்தினார்.

தலைவர் கணேசமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. மேலே தொங்குகிற அம்மாவையும் கீழே கயிற்றைப் பிடித்து நிற்கிற பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தார்.

"முப்பது வருசமா சம்பளப் பேச்சு, சம்பளப் பேச்சுன்னு கம்பெனிக்காரனுங்க முன்னால போய்ப் போய் உக்காந்திருக்கோம்," என்றார். "ஒருத்தனையாவது இப்பிடித் தொங்கவிட்டுட்டுப் பேசணும்னு நமக்குத் தோணலியே!"