தக்காளிகூட அறுக்காத கத்திகள்

அந்த வீட்டில் சமையலுக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்தான் அறிவுமதி கத்தியைத் தீட்டினாள். முதல் இரண்டு நாளும் பொறுத்துப் பார்த்தாள். தக்காளியின் மேல் வைத்து இழுத்தால் தோல் வழுக்கியது, உள்ளே சதை நசுங்கிச் சாறு பலகையெல்லாம் ஓடியது. பீன்ஸைக் கையால்தான் ஒடிக்க வேண்டியிருந்தது. டிராயரில் கத்தி ஒன்றல்ல, ஏழு கிடந்தன. ஏழும் புதுசு. இரண்டில் விலைச்சீட்டின் பசைகூடப் போகவில்லை. ஏழும் மொண்ணை.

ரமணாசிரமத்தைத் தாண்டி, செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் மாடி வீடு. புருஷன் பெண்சாதி இரண்டே பேர். அருண்பிரசாத் வெளியூர்க்காரர்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவன். அவன் மனைவி கீர்த்தனாவுக்கு இருபத்தேழு வயது இருக்கும். அதிகம் பேசமாட்டாள். "மெதுவா அறுங்க அக்கா, அது போதும்" என்பாள்.

அறிவுமதிக்கு அது போதவில்லை. அடி அண்ணாமலையிலிருந்து தினமும் வந்து, வெள்ளைக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடையில் ஐந்து வருஷம் காய் வெட்டியவள் அவள். அன்று கீர்த்தனா குளிக்கப் போனதும் பெரிய கத்தி ஒன்றை எடுத்தாள். காபி குடிக்கும் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். கோப்பையின் அடியில் மினுமினுப்புப் பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று இருக்கும். அதில் தண்ணீர் தொட்டு, கத்தியைப் படுத்தாற்போலச் சாய்த்து, அடியிலிருந்து நுனி வரை இழுத்தாள். இந்தப் பக்கம் இருபது தரம், அந்தப் பக்கம் இருபது தரம். பிறகு பழைய பேப்பரை நாலாக மடித்து அதன்மேல் தேய்த்து விட்டாள். வெங்காயத்தின் மேல் வைத்ததுமே கத்தி தானாக இறங்கியது. தயிர்ப் பச்சடிக்கு இரண்டு வெங்காயம் மெலிசாக அரிந்து முடித்தாள். மனசுக்கு இதமாக இருந்தது.

கீர்த்தனா தலையில் துண்டோடு வந்து வாசலில் நின்றாள். பலகையைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"யாருக்கா உங்கள தீட்டச் சொன்னது?"

"வெட்டவே மாட்டேங்குது மேடம், அதான்…"

கீர்த்தனா கத்தியைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். துணி துவைக்கிற கல்லில் கத்தியின் வாயை நேராக அழுத்தி இழுத்தாள். தீட்டுகிற இழுப்பு இல்லை அது. கல்லைப் பிளக்கப் போகிறவள் போல இழுத்தாள். பல் கூசும் சத்தம் வந்தது. பழகிய கை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

அறிவுமதி பின்னாலேயே போனாள். பக்கத்தில் போய் நின்றாள். அவ்வளவுதான், கீர்த்தனா கல்லைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

"கல்யாணமாகி ஆறு மாசம் இருக்கும். சாம்பார்ல உப்பு ஜாஸ்தின்னாரு. சிரிச்சுக்கினேதான் சொன்னாரு. பின்னாடி வந்து நின்னு கத்திய என் கழுத்துல வெச்சாரு. எவ்ளோ நேரம்னு தெரியல. அப்புறம் எடுத்துட்டு, சும்மா வெளையாட்டுக்குனு சொல்லிட்டு டிவி பாக்கப் போயிட்டாரு."

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலயா?"

"என்னானு சொல்றது? ஒரு கீறல்கூட இல்லக்கா. மறுநாள் நான் கத்திய தேய்ச்சு மொண்ணையாக்கிட்டேன். அந்த வாரமே அத தூக்கிப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கினு வந்தாரு. அதையும் தேய்ச்சேன். இன்னொண்ணு வாங்கினு வந்தாரு. அவரும் கேக்கல, நானும் சொல்லல. இதான் ஏழாவது."

அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கார் ஓட வழியில்லாததால் அருண்பிரசாத் பன்னிரண்டரை மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். நன்றாக வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. வந்ததும் அறிவுமதியைப் பார்த்து, "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டான். இப்படி ஒருவனைப் பற்றியா அந்தப் பெண் சொன்னாள் என்று அவளுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது.

சாப்பிட உட்கார்ந்தவன் பச்சடியை விரலால் கிளறினான். ஒரு வெங்காயத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"நல்லா மெலிசா வந்திருக்கே. கத்தி தீட்னீங்களாக்கா?"

கீர்த்தனா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிரம்பி மேஜையில் வழிந்தது.

"இல்லீங்க. கை பழக்கம்" என்றாள் அறிவுமதி.

"நம்ம வீட்ல கத்தி சீக்கிரமா மழுங்கிடுது. ஏன்னே தெரியல." அவன் கீர்த்தனாவைப் பார்த்துச் சிரித்தான். முழுசாகச் சாப்பிட்டான், கை கழுவினான், அடுப்படிக்கு வந்தான். மேடையில் கோப்பை கவிழ்ந்தபடியே கிடந்தது. அதன் அடி வளையத்தில் இரும்புக் கறை கருப்பாக ஓடியிருந்தது.

அதை விரலால் தடவினான். "ஓ, இதுல தீட்டுவாங்களா? எனக்கும் காட்டுங்கக்கா."

அவன் டிராயரிலிருந்து அந்தப் பெரிய கத்தியை எடுத்து நீட்டினான். அறிவுமதி வாங்கினாள். கோப்பையின் மேல் வைத்தாள். படுக்க வைக்காமல் நட்டுக்க நிறுத்தி, அழுத்தி இழுத்தாள். பார்க்கிறவர்களுக்குத் தீட்டுவது போலத்தான் இருக்கும். உண்மையில் இருந்த கொஞ்சநஞ்சக் கூரும் அதில் போய்க்கொண்டிருந்தது. இருபது தரம் இழுத்துவிட்டு நீட்டினாள்.

அவன் பேப்பரில் வைத்துப் பார்த்தான். பேப்பர் கசங்கியதே தவிர அறுபடவில்லை.

"மட்டமான இரும்புங்க" என்றாள்.

"அப்படியா?" என்றான் அவன். "அஞ்சு வருஷம் காய் வெட்டினவங்கனு சொன்னாங்களே உங்கள."

தானே கோப்பையை எடுத்தான், தண்ணீர் தொட்டான், கத்தியைச் சரியான சாய்வில் படுக்க வைத்தான். அவனுக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. சர்ர், சர்ர் என்று ஒரே சீராகச் சத்தம் கேட்டது. அறிவுமதி கணக்கு வைக்கப் பார்த்து விட்டுவிட்டாள். பிறகு அவன் இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றினான். பக்கிளை ஜன்னல் கம்பியில் மாட்டி, தோலை விறைப்பாக இழுத்துப் பிடித்து, கத்தியை மேலும் கீழுமாக அதில் ஓட்டினான். கண் மட்டும் கத்தியில் இல்லை. அடுப்படி மூலையில் நின்ற கீர்த்தனாவிடம் இருந்தது.

பேப்பரை எடுத்து வைத்தான். சத்தமே இல்லாமல் ஒரு கீற்று கழன்று தரையில் விழுந்தது.

"இப்பதான் கத்தி மாதிரி இருக்கு. நீங்க கெளம்புங்கக்கா. ராத்திரிக்கு நாங்களே பாத்துக்கறோம்."

அறிவுமதிக்கு கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. "பாத்திரம் கெடக்குதுங்க" என்று சொல்லிக் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். அவன் நகரவில்லை. மேடையில் சாய்ந்து, கட்டைவிரல் நகத்தில் கத்தியை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அவன் போன் அடித்தது. டிரைவர் ஒருவன் எங்கோ போலீஸ் தடுப்பில் மாட்டியிருந்தான். வீட்டுக்குள் டவர் சரியாகக் கிடைக்காது. "ஹலோ, ஹலோ" என்றபடி அவன் முன்பக்க பால்கனிக்குப் போனான். கத்தி அவன் கையிலேயே இருந்தது.

அறிவுமதி குழாயை மூடவில்லை. தண்ணீர் அப்படியே விழட்டும் என்று விட்டுவிட்டு, ஈரக் கையால் கீர்த்தனாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வாம்மா" என்றாள். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவள். பின்படி வழியாக இறங்கினார்கள். செருப்புப் போட நேரமில்லை. போனை மட்டும் கீர்த்தனா எப்படியோ எடுத்திருந்தாள்.

செங்கம் ரோடு முழுக்க ஜனம். எல்லோரும் மலையைச் சுற்றும் திசையில் போக, இவர்கள் இருவர் மட்டும் டவுனைப் பார்த்து எதிரே நடந்தார்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்களை அன்று யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. சந்து முனையில் கீர்த்தனா ஒரு தரம் திரும்பினாள். பால்கனியில் அவன் நின்றிருந்தான். கத்தவில்லை, ஓடி வரவில்லை. போனைக் காதில் வைத்தபடி, கத்தியில்லாத கையைத் தூக்கி ஆட்டினான். கடைக்குப் போகிறவர்களை வழியனுப்புகிறவன் போல.

திண்டிவனம் ரோட்டில் பௌர்ணமிக்கென்று போட்டிருந்த பஸ் ஸ்டாண்டில் கீழ்பென்னாத்தூர் பஸ் கிடைத்தது. அங்கேதான் கீர்த்தனாவின் அண்ணன் சக்கரபாணி மணிலாக்கொட்டை வியாபாரம் செய்கிறான். அவளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு அறிவுமதி திரும்பினாள்.

நாலாம் நாள் காலையில் போன் வந்தது. கீர்த்தனா கிசுகிசுத்தாள்.

"ரெண்டு நாளா அவர் இங்க வந்து போறாருக்கா. அண்ணன்கூட ஒண்ணா உக்காந்து சாப்ட்டாரு. அண்ணன் புள்ளைங்களுக்கு ஸ்வீட்டு வாங்கினு வந்தாரு. நல்ல மனுஷனாத்தானே இருக்காருன்றான் அண்ணன். இன்னைக்கு நாலு மணிக்கு வந்து கூட்டினு போறாராம்."

"நீ எங்கயும் போகாத. நான் வரேன்" என்றாள் அறிவுமதி.

சக்கரபாணி அவளை உட்காரச் சொல்லவில்லை. "ஏம்மா, மூணு நாள் வேலை செஞ்சவ நீ. உனக்கு என்ன தெரியும்? அடிச்சாரானு கேட்டா இல்லன்றா. திட்டினாரானு கேட்டா அதுவும் இல்லன்றா. கத்தி தீட்டினாருனு சொல்லி ஒரு பொண்ணு வீட்ட விட்டு வருமா?"

"ஏழு கத்தி வாங்கினாருங்க, உங்க தங்கச்சி ஏழையும் கல்லுல தேய்ச்சுது. ரெண்டு பேருக்கும் தெரியும், ஒருத்தரும் பேசல. அது என்னா வீடுங்க?" அறிவுமதி நிறுத்தவில்லை. "அன்னைக்கு அவர் தீட்டும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். கூரான கத்திய கையில வெச்சுக்கினு யாராவது அதப் பாக்காம இருப்பாங்களா? அவர் பாக்கலீங்க. உங்க தங்கச்சியோட கழுத்தத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

சக்கரபாணி தங்கையைப் பார்த்தான். கீர்த்தனா தலை குனிந்திருந்தாள். ஒரு கை தொண்டைக்குழியில் இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கே தெரியவில்லை.

சரியாக நாலு மணிக்குக் கார் வந்தது. சக்கரபாணி கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றான்.

"அவ வரல மாப்ள."

"நாளைக்கு வரட்டுமா?"

"இல்ல. இனிமே வரமாட்டா."

அருண்பிரசாத் சிரித்தான். "நான் ஒரு நாளாவது அடிச்சிருக்கேனா? அவளையே கேளுங்க."

"அடிக்கல. சரி. ஆனா அவ வரமாட்டா."

அவன் காரில் ஏறினான், ஆனால் போகவில்லை. இஞ்சினை ஓடவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தான். தெருவில் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினார்கள். பிறகு கண்ணாடியை இறக்கி, கேட்டுக்குப் பின்னால் நின்ற அறிவுமதியைக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க அடி அண்ணாமலைதானே?"

"ஆமாங்க."

தலையாட்டினான். கார் கிளம்பிப் போயிற்று.

அன்று சாயங்காலமே மூன்று பேரும் மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். கீர்த்தனா எல்லாவற்றையும் சொன்னாள், சக்கரபாணி முதல் தடவையாக முழுசாகக் கேட்டான். ஏட்டம்மா நிதானமாக எழுதிக்கொண்டு, கடைசியில் சாட்சியின் பெயரையும் விலாசத்தையும் கேட்டார்.

அறிவுமதி பெயரைச் சொன்னாள். அடி அண்ணாமலை என்றாள். தெருப் பெயரைச் சொன்னாள். கதவு நம்பர் வரும்போது அவள் குரல் தானாகக் கம்மியாயிற்று.

"கேக்கல, சத்தமா சொல்லும்மா" என்றார் ஏட்டம்மா.

அறிவுமதி திறந்திருந்த வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, சத்தமாகச் சொன்னாள்.