விற்றுப்போன பெயர்

மாவட்டத் திருவிழாக் கொட்டகையில், வெர்னாவின் வெள்ளரிக்காய் ஊறுகாய் பாட்டிலிலிருந்து முதல் பரிசு ரிப்பனை டோலரஸ் கழற்றிக்கொண்டிருந்தாள். ருசி பார்த்து முடிக்கும்வரை பாட்டிலில் எண் மட்டும்தான் இருக்கும். பிறகுதான் மடித்த சீட்டைப் பிரித்துப் பெயரைக் காட்டுவார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பக்கம் காலங்காலமாக இதுதான் வழக்கம். சீட்டைப் பிரித்ததும் வந்தது வினை.

"கடையில வாங்குனத பாட்டில் மாத்தி வச்சிருக்காங்கன்னு ரெண்டு பேர் புகார் சொல்லிட்டாங்கடி," என்றாள் போட்டியை நடத்தும் டோலரஸ். "கம்பெனி சரக்குக்குப் பரிசு கிடையாதே."

"நான்தான்டி அந்த வெர்னா!"

"எனக்குத் தெரியாதா? உன் அடுப்படியில உக்காந்து தின்னவ நான். புதுசா வந்தவங்களுக்கு வெர்னான்னா கடை பாட்டில் மேல சிரிக்கிற படம்தான். அப்படி ஒருத்தி உசிரோட இருக்கான்னே தெரியல."

புருஷன் லியோன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெர்னா தன் ஊறுகாய்த் தொழிலை விற்றாள். வாங்கிய கம்பெனிக்காரனுக்கு அவள் கைப்பக்குவம் தேவைப்படவில்லை. பூண்டைக் குறைத்துச் சர்க்கரையைக் கொட்டிவிட்டான். பெயரைத்தான் கேட்டான். பெயர்தானே, போனால் போகிறதென்று எழுதிக் கொடுத்தாள். லியோனும் போய்ச் சேர்ந்தார். பிறகு, தன் பெயரைப் போட்டு விற்க உரிமையில்லாமல், சந்தையில் பெயரில்லாத பாட்டில்களோடு உட்கார்ந்தால் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ருசி பார்த்த ஒருத்தி, "வெர்னா மாதிரி வராது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் இந்தப் போட்டிக்கு வந்தாள். இங்கே நாக்கு மட்டும்தான் தீர்ப்புச் சொல்லும். சொல்லியும்விட்டது, என்ன பிரயோஜனம்!

"வேற பேர் எழுதிக்கலாமா?" டோலரஸ் குரலைத் தாழ்த்தினாள். "பரிசாவது தங்கும்."

வெர்னா சீட்டை அவள் பக்கம் தள்ளினாள். "லியோன்னு போடு. அவர் பேரை யாரும் வெலைக்குக் கேக்கல."

டோலரஸ் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எழுதி, ரிப்பனை மறுபடியும் பாட்டிலில் கட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் ஜோடி வந்து ஊறுகாயை ருசி பார்த்தது. "யாருப்பா இந்த லியோன்? வெர்னாவையே தூக்கிச் சாப்பிட்டுடுவான் போலயே!" என்றான் அவன். அந்தப் பெண் வெர்னாவிடம் திரும்பினாள். "உங்களுக்கு அவரைத் தெரியுமாங்க?"

"தெரியும்."

"கடை போட்டார்னா சொல்லுங்க. நாங்க வாங்கிக்கிறோம்."

வெர்னா தலையாட்டினாள். வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், சாவியைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்தாள்.