செபாஸ்டின் அண்ணனின் புது கிட்டார்

செபாஸ்டின் அண்ணன் புது கிட்டார் வாங்கியதற்கு நான்தான் காரணம். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொன்ன ஒரு பொய்யை நம்பித்தான் அந்த மனுஷன், இருபத்தெட்டு வருஷம் தோளில் மாட்டிய பழைய கிட்டாரைப் பாண்டிச்சேரிக் கடை ஒன்றில் கொடுத்துவிட்டு வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை அவருடைய குவார்ட்டர்ஸுக்குப் போனேன். மறுநாள் பங்குத் திருவிழா. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

அனல்மின் நிலையத்தில் அவருக்கு டர்பைன் பகுதியில் ஃபிட்டர் வேலை. எனக்கு எலக்ட்ரிகல். ஒரே ஷிஃப்ட், ஒரே பஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடகர் குழுவில் அவர் எலக்ட்ரிக் கிட்டார், நான் கீபோர்டு. முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு நேராகப் பூசைக்கு வாசிக்கப் போகிறவன் உலகத்திலேயே குமரவேல் ஒருத்தன்தான் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். டவுன்ஷிப்பில் அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

வேலையில் அண்ணனுடைய பெயரே அவருடைய காதுதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மெஷினின் பேரிங் மேல் வைப்பார். பிடியைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடுவார். "இது ஒரு மாசம் தாங்கும், அது நாளைக்கே போயிடும்" என்பார். சொன்னால் சொன்னதுதான். காதடைப்பானைக் கொடுத்தால் கழுத்தில் மாட்டிக்கொள்வார், காதில் வைக்கமாட்டார். "காத மூடிகினு மெஷினு இன்னா பேசுதுன்னு எப்டிடா கேக்கறது?" என்று திருப்பிக் கேட்பார். எத்தனையோ பேர் தலைபாடாக அடித்துக்கொண்டோம். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

காது ஒரே நாளில் போகவில்லை. கூர்மையான சத்தங்கள்தான் முதலில் போயின. காலிங் பெல் அடித்தால் தெரியாது. பெல் மட்டம் என்று மாற்றினார். சென்னையிலிருந்து மகன் லியோ பேசினால் பாதி புரியாது. சிக்னல் மட்டம். டி.வி.யில் வசனம் புரியாது. ஸ்பீக்கர் மட்டம். உலகத்தில் எல்லாமே மட்டமாகிக்கொண்டு வந்தது, அவர் காது ஒன்றைத் தவிர. அவர் மனைவி லூசியம்மாள் அண்ணி டாக்டரிடம் போகலாம் என்று சொன்னால், "அழுக்குதான் அடைச்சிகினு இருக்கு" என்று நல்லெண்ணெயை விட்டுக்கொள்வார். கடைசியில் அண்ணி கத்திப் பேசப் பழகிக்கொண்டார். முதல் தடவை அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் சண்டை நடக்கிறது என்று வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

கோயிலில் வேறு மாதிரி ஆனது. கிட்டாரின் சத்தத்தை வெளியே கொடுக்கும் ஆம்பில் ட்ரெபிள் என்று ஒரு குமிழ் உண்டு. சத்தத்தின் கூர்மையைக் கூட்டுவது அது. தனக்குக் கூர்மை கேட்காததால் அண்ணன் அதைப் பத்து வரைக்கும் திருகிவிடுவார். அவர் ஒரு கம்பியைத் தட்டினால் எங்களுக்குப் பல் கூசும். ஸ்பீக்கர் பக்கத்து வரிசையில் ஜனங்கள் உட்காருவதை நிறுத்தினார்கள். குழுவை நடத்தும் ஏஞ்சலின் டீச்சர் போன வருஷம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எத்தன தடவ கொறைங்கன்னு சொல்றதுங்க? செவிடன் காதுல..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீங்கதான் ஃப்ரெண்டு. பக்குவமா நீங்களே சொல்லிடுங்க."

நான் பக்குவமாகச் சொன்ன லட்சணம் இதுதான்: "அண்ணே, கிட்டாரு பழசாயிடுச்சுண்ணே. பிக்கப்பு போச்சு. அதான் சத்தம் சரியா வரல."

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் என்பார்கள். எலக்ட்ரிகல்காரன் சொன்னது அவருக்கு நன்றாகவே பொருந்திவிட்டது. கொஞ்சநாள் வாசிக்காமல் இருப்பார், அப்படியே விட்டுவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அவரோ ஒரு வருஷம் காசு சேர்த்துப் புதுசு ஆர்டர் போட்டுவிட்டார்.

அன்றைக்கு நான் போனபோது, கட்டிலில் போர்வையை நான்காக மடித்து அதன்மேல் புது கிட்டாரைக் கிடத்தியிருந்தார். ஆறு கம்பிகளையும் ஏற்கெனவே கழற்றிவிட்டார். பக்கத்தில் ஒரு துண்டின்மேல் ஆலன் கீ, இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ், ஒட்டுத்தாள், மெல்லிய இரும்புப் பஞ்சு, எலுமிச்சை எண்ணெய் எல்லாம் வரிசையாக இருந்தன. ஓவர்ஹாலுக்கு நிற்கிற ஆள் மாதிரி சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தார்.

"வாடா குமாரு. பிக்கப்ப நல்லா பாத்துச் சொல்லு. அத நம்பித்தான் வாங்கியிருக்கேன்."

பார்த்தேன். அருமையான பிக்கப். "நல்லாருக்குண்ணே" என்று அவர் முகத்துக்கு நேராக நின்று, வாய் அசைவது தெரியும்படி சொன்னேன். இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அதன்மேல் ஒட்டுத்தாளை ஒட்டினேன். உண்மையைச் சொல்வதைத் தள்ளிப்போட எனக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது.

பிறகு ஃப்ரெட்போர்டை மெருகேற்ற உட்கார்ந்தோம். விரல் ஓடும் பலகை அது. குறுக்கே இருபத்திரண்டு ஃப்ரெட் கம்பிகள் பதித்திருந்தன. மரத்தில் கீறல் விழாமல் இருக்கக் கம்பிகளுக்கு நடுவே ஒட்டுத்தாளை ஒட்டினோம். அவர் ஒரு முனையிலிருந்து இரும்புப் பஞ்சால் தேய்த்தார், நான் பின்னாலேயே துணியால் துடைத்துக்கொண்டு வந்தேன். ஐந்தாவது கம்பியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து போனது. ஏழில் சொல்லலாம் என்று வைத்தேன். பன்னிரண்டாவது கம்பியில் அவரே பேச ஆரம்பித்தார்.

"போன வருசம் ரொம்ப பயந்துட்டேன்டா. எனக்குத்தான் ஏதோ ஆயிட்சின்னு நெனச்சிகினு இருந்தேன். தூக்கமே கெடையாது. லூசிகிட்டகூட சொல்லல. நீ வந்து பிக்கப்புதாண்ணே போச்சின்னு சொன்ன பாரு, அப்பதான் மூச்சே வந்துச்சி."

நான் துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தேன். அந்த நிமிஷம் சொல்லியிருந்தால் அவர் தாங்கியிருப்பாரா தெரியாது. என்னால் தாங்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது. இருபத்திரண்டு கம்பிகளும் பளபளவென்று ஆகிவிட்டன. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒட்டுத்தாளை உரித்து, பனியன் துணியில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டு மரத்தில் தேய்த்தார். காய்ந்து வெளிறியிருந்த பலகை குடித்துக்குடித்துக் கறுத்தது. புதுக் கம்பிகளைக் கட்டினார். கழுத்தின் வளைவை ஃபீலர் கேஜ் நுழைத்துப் பார்த்தார். ஆலன் கீயைக் கால் சுற்று திருப்பி மறுபடி பார்த்தார். சுருதியை மட்டும் போனில் ஒரு ஆப் காட்டும் முள்ளைப் பார்த்துச் சரிசெய்தார். முன்பெல்லாம் முள் கிள் எதுவும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. அந்தக் கைகள் செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது. கடையிலிருந்து வந்த கிட்டார் இரண்டு மணி நேரத்தில் வாசிக்கிற கிட்டாராக மாறிவிட்டது.

ஆம்பில் செருகி ஒரு தட்டுத் தட்டினார். மணி போல் விழுந்தது நாதம். எனக்குச் சிலிர்த்தது.

அவர் முகம் சுருங்கியது. ட்ரெபிளைப் பத்துக்குத் திருகினார். மறுபடி தட்டினார்.

"மந்தமா இருக்கேடா."

மெஷினில் பழுது பார்க்கிற முறை அவருக்கு ரத்தத்தில் ஊறியது. ஒவ்வொன்றாக மாற்று, மாற்றியும் பழுது போகவில்லையென்றால் அது காரணமில்லை. கேபிளை மாற்றினார். போகவில்லை. கட்டிய புதுக் கம்பிகளைக் கழற்றி வேறொரு செட் கட்டினார். போகவில்லை. என் வீட்டிலிருந்து கீபோர்டு ஆம்பைக் கொண்டுவரச் சொன்னார். ஓடிப்போய்த் தூக்கிவந்தேன், வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே. வீட்டுக்குள் நுழைந்ததும் சொற்கள் போன இடம் தெரியவில்லை. அந்த ஆம்பிலும் அவருக்கு அதே சத்தம்தான்.

"உனுக்கு எப்டிடா கேக்குது?"

கூரையைப் பிய்க்கிற மாதிரி கேட்டது. "கொஞ்சம் மந்தமாத்தாண்ணே இருக்கு" என்றேன். இந்த வாயை என்ன செய்வது!

"அப்ப பீஸே டிஃபெக்டு. திருப்பி அனுப்பிடலாம். லெட்டர்ல நீயும் ஒரு கையெழுத்துப் போடு, எலக்ட்ரிகல்காரன்னு." கடைசியாக ஒருமுறை என்று, ஆறு கம்பியையும் சேர்த்து ஓங்கித் தட்டினார்.

அடுப்படியிலிருந்து லூசியம்மாள் அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "ஏங்க! கொறைங்க முதல்ல! மண்டைக்குள்ள ஊசி எறங்குற மாதிரி இருக்கு!"

அண்ணன் நிமிர்ந்தார். காதைப் பொத்திய கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ட்ரெபிள் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்.

"இங்க வந்து உக்காரு" என்றார் என்னிடம். எதிரில் உட்கார்ந்தேன்.

மெல்லிய கம்பியை ஒரு கையால் விடாமல் தட்டிக்கொண்டு, மறுகையால் குமிழைக் கொஞ்சம்கொஞ்சமாகத் திருகினார். அவர் கண் ஆம்பில் இல்லை, என் முகத்தில் இருந்தது. கேஜில் முள்ளைப் பார்க்கிற பார்வை அது. முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பல்லைக் கடித்தேன். நான்கு, ஐந்து, ஆறு. ஏழில் என் இமை தானாகச் சுருங்கியது. ஒன்பதில் தலையைத் திருப்பிவிட்டேன்.

ஸ்விட்சை அணைத்தார்.

"எனுக்கு ரெண்டுல எப்டி இருந்துச்சோ ஒம்போதுலயும் அப்டியேதான்டா இருக்குது."

அண்ணி சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார்.

"எத்தினி நாளா தெரியும் உனுக்கு?"

"ஒரு வருசமாண்ணே. கோயில்ல எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் சொன்னாங்க. நான்தான்..."

கத்துவார், அடித்தால்கூடப் பரவாயில்லை என்று காத்திருந்தேன். கிட்டாரைக் கீழே வைக்காமல், எண்ணெய் தேய்த்த பலகையின்மேல் இடது கை விரல்களை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"போல்டு டைட் வெச்சா பெயிண்ட்ல ஒரு மார்க் போடுவமே. அந்த மாரி, குமிழ்ல ஒரு மார்க் போட்டு, இதுக்கு மேல திருகாதண்ணேன்னு சொல்லியிருந்தா முடிஞ்சி போயிருக்கும்டா. பழசுலயே வாசிச்சிகினு இருந்திருப்பேன். அது எப்டி கேக்கும்னு என் கைக்குத் தெரியும். இதுக்கு ஒண்ணுந் தெரியாதே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாண்டிச்சேரிக்கு இப்போதே கிளம்புகிறேன், பழைய கிட்டாரை எப்படியாவது வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். அது கடைக்கு வந்த வாரமே வேறு கை மாறிவிட்டது என்று கடைக்காரன் போனில் சொல்லிவிட்டானாம். அவரும் ஒருநாள் மனசு கேட்காமல் விசாரித்திருக்கிறார்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் பேனாவை எடுத்து நீட்டினார். "வெய்யி, எங்க வெக்கணுமோ. நாளைக்குத் திருவிழா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆம்பைப் போட்டேன். அவர் தட்டத்தட்டக் குமிழைத் திருகிப் பார்த்தேன். நாலரையில் நிறுத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. குமிழில் ஒரு கோடு, எதிரே ஆம்பில் ஒரு கோடு போட்டேன்.

அவர் ஒரு பாட்டின் முதல் வரியை வாசித்தார். கோயிலில் எத்தனையோ தடவை சேர்ந்து வாசித்தது. நாதம் அவ்வளவு அழகாக இருந்தது.

"போர்வைக்குள்ள வாசிக்கிற மாரி இருக்குடா எனுக்கு. உண்மையாவே நல்லாருக்கா?"

"சத்தியமா நல்லாருக்குண்ணே."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமெல்லாம் இல்லை. எந்த கேஜை நம்புவது என்று தெரியாமல் நிற்கிற ஃபிட்டரின் முகம்தான் அது.

"நீ சொன்னா எப்டிடா நம்பறது?" என்றார். பிறகு சுவரோரம் நின்ற அண்ணியின் பக்கம் திரும்பினார். "லூசி, நீ வந்து கேட்டுச் சொல்லு."