தானாக முன்னால் வந்த ஜன்னல்

நீங்கள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஆளே இல்லாமல், அதன்மேல் வேறொரு காகிதம் வந்து விழுந்தால் என்ன நினைப்பீர்கள்? காற்று என்று நினைப்பீர்கள். காற்றே வராத அறையாக இருந்தால்?

எனக்கு அப்படித்தான் நடந்தது. குடிநீர் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் நான் பகல் ஷிஃப்ட். ஊருக்குத் தண்ணீர் தள்ளும் ஒன்பது பம்புகளுக்கும் என் திரையில் ஆளுக்கொரு கறுப்பு ஜன்னல். அதில் வரி வரியாக எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். பம்பு நின்றால் சிவப்பில் ஒரு வரி வரும். ஐந்து நிமிடத்துக்குள் அதைப் பார்த்து நான் பதில் அடிக்க வேண்டும். இல்லையென்றால் என் பெயரில் தவறு பதிவாகும். மணி அடிக்கிற ஸ்பீக்கர் போன வருடமே செத்துப்போனது.

ஒன்பது ஜன்னலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மவுஸை உருட்டித் தேடினால் விடிந்துவிடும். அதனால் ஒரு கட்டளை வைத்திருக்கிறோம். மூலையில் இருக்கும் குட்டி ஜன்னலில் 'முன் 7' என்று அடித்தால், ஏழாம் பம்பின் ஜன்னல் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

பத்தாவது ஜன்னல் என் சொந்த ஏற்பாடு. அதற்கு 'வீடு' என்று பெயர் வைத்திருந்தேன். சொந்த ஊரில் இருக்கும் மனைவிக்கு எழுதுவது அதில்தான். இந்த ஊரில் எனக்குப் பேச ஆள் கிடையாது. அதனால் காலையில் சட்டைப் பொத்தான் அறுந்தது வரைக்கும் அவளுக்கு எழுதுவேன். மேலாளரைப் பற்றியும் எழுதுவேன். அவர் மண்டைக்குள் ஒன்பது பம்பையும் இறக்கி இறைத்தாலும் ஒரு சொட்டு வராது என்று ஒருநாள் எழுதினேன். அந்த மாதக் கடைசியில் என் வேலை ஒப்பந்தம் முடிய இருந்தது. நீட்டித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே மேலாளர். போடாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நாலாம் பம்பின் ஜன்னல் என் எழுத்தின்மேல் வந்து நின்றது. நான் எதையும் அடிக்கவில்லை. அதில் சிவப்பு வரி இருந்தது. நல்ல வேளை என்று பதில் அடித்துவிட்டு விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து இரண்டாம் பம்பு வந்தது. மறுநாள் எட்டாம் பம்பு. பிறகு ஒரே நாளில் இரண்டு மூன்று தடவைகூட வந்தது. ஒவ்வொரு முறையும் நான் 'வீடு' ஜன்னலில் இருந்தேன். யாரோ உள்ளே வந்து படிக்கிறார்கள், சிவப்பு வரியைச் சாக்காக வைத்து வருகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

வரக்கூடியது ஒரே ஆள்தான். அடுத்த அறையான மெஷின் ரூமில் எல்லாக் கணினிகளையும் பார்த்துக்கொள்கிற பெண். நாங்கள் சிஸ்டம் அக்கா என்போம். போய்க் கேட்டேன்.

"அக்கா, என் ஜன்னல் தானா மாறுது."

"எந்த ஜன்னல்?"

"பம்பு ஜன்னல்."

"தானா வந்திருக்கும்," என்றார், தலையைத் தூக்காமல். "பழைய மெஷின் தம்பி. அதுக்கும் வயசாகுதில்ல."

பொய் சொல்கிறவர்கள்தான் இப்படி முகம் கொடுக்காமல் பேசுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். 'முன்' கட்டளையை யார் அடித்தாலும் கணினி ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும்: எந்த ஜன்னல், எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து. அதைத் தேடிப் பிடித்தேன். மூன்றே வாரத்தில் முப்பத்தொரு வரிகள் மெஷின் ரூமிலிருந்து வந்தவை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அக்கா போய் மேலாளரிடம் சொல்வதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். அச்செடுத்துக்கொண்டு போனேன்.

"சார், மெஷின் ரூம்லேருந்து என் கம்ப்யூட்டருக்குள்ள வர்றாங்க. முப்பத்தோரு தடவை."

மேலாளர் மூக்கை உறிஞ்சினார். "வந்து என்ன பண்றாங்க?"

"நான் பாத்துக்கிட்டிருக்கிற ஜன்னலை மறைச்சு வேற ஒண்ணைக் கொண்டாந்து வைக்கிறாங்க."

"நீங்க என்ன பாத்துக்கிட்டிருந்தீங்க?"

"பம்பைத்தான் சார்."

அவர் அலமாரியிலிருந்து பம்பு நின்ற நேரங்களின் பதிவேட்டை எடுத்தார். என் காகிதத்தைப் பக்கத்தில் வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் படித்தார்.

"நாலாம் பம்பு பத்து இருபதுக்கு நின்னுருக்கு. பத்து இருபத்தி நாலுக்கு ஜன்னல் வந்திருக்கு. அப்புறம்தான் நீங்க பதில் அடிச்சிருக்கீங்க." ஸ்கேல் இறங்கியது. "ரெண்டாம் பம்பு, நாலாவது நிமிஷம். எட்டாம் பம்பு, நாலாவது நிமிஷம்." முப்பத்தொன்றையும் பார்த்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா மேசை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தான் சார். பம்பு நின்னா என் திரையிலயும் தெரியும். அஞ்சு நிமிஷம் தாண்டுனா அவர் பேர்ல தப்பு விழும். ஒப்பந்தம் முடியுற நேரம். அதான்."

"ஆபரேட்டர் மெஷினை நீங்க தொடக்கூடாதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அவர் திரையில என்ன இருந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாது சார். எனக்கு ஜன்னலோட பேரு மட்டும்தான் வரும்."

"எத்தனை ஜன்னலோட பேரு வரும்?"

"ஒன்பது சார்."

'வீடு' அந்தக் கணக்கில் இல்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலையே என் கணினிக்கு அக்காவின் வழியை அடைத்துவிட்டார்கள். மேலாளர் என் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி இழுப்பறையில் போட்டார். "நாளைலேருந்து ஒரு வாரம் பாப்பேன். ஒண்ணு விட்டாலும் கையெழுத்துக் கிடையாது."

வெளியே வராந்தாவில் அக்காவின் பின்னாலேயே போனேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா, அதான் அக்கா இருக்கான்னு இன்னும் நாலு பக்கம் எழுதியிருப்பீங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நடந்ததையெல்லாம் மனைவிக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாம் பம்பு எட்டு ஐம்பதுக்கு நின்றது. ஒன்பதரைக்கு மேலாளர் வந்து சொன்னபோதுதான் பார்த்தேன்.