தேக்குக் கதவின் பின் நின்றவள்

கரிசல் வெடித்துக் கிடக்கும் நிலத்தின்மேல் கதிர் சாய்ந்து செம்மை படர, சீமைக்கருவேலங்காட்டுக்கு அப்பால் ஆனைக்குட்டத்து அணையின் நீர்ப்பரப்பு உருக்கிய செம்பெனத் தகதகக்க, வெள்ளி பூசியன போல் பட்டாசு மருந்துத்தூள் படிந்த கைகளோடு மகளிர் பேருந்துகளினின்று இறங்கி இல்லம் நோக்கி நடக்கும் மாலைப்பொழுதிலும், திருத்தங்கலின் மேற்கோரத்துக் கொட்டகையில் உளியொலி ஓயவில்லை. ஆங்கே கருங்கல்லோடு போராடிக்கொண்டிருந்தவன் தெண்டாய்; ஆப்பிரிக்கப் பெருநிலத்துச் சிம்பாபுவே நாட்டினன். கல்லையும் மரத்தையும் இணங்கவைக்கும் கலையைத் தாய்நாட்டிலே பயின்று, மாமல்லைக்குச் சிற்பம் கற்க வந்து, உடன்பயின்ற மாரிசெல்வியை மணந்து, அவள் ஊரையே தன் ஊராகக் கொண்டவன்.

அவன் நெஞ்சில் ஓராண்டாகப் பழி எரிந்தது. மனைவியின் தங்கை சினேகா, பெத்தணன் என்னும் செல்வரின் வெடியாலையில் வேலை செய்தவள். விதிமீறி மிகுதியான பெண்களை ஓரறையில் அடைத்து வேலை வாங்கிய அவர், ஆய்வாளர் கண்ணுக்கு அவர்கள் படாதிருக்கப் பின்கதவை வெளியே தாழிடச் செய்திருந்தார். தீப்பற்றிய அன்று முன்வாயிலருகே இருந்தோர் தப்பினர். பின்கதவை நோக்கி ஓடிய சினேகா மீளவில்லை. கதவு திறந்தே இருந்ததென்று சாதித்தார் பெத்தணன். கதவோ சாம்பலாகிவிட்டது, உண்மையறிந்த பெண்கள் பிழைப்புக்கு அஞ்சி வாய்மூடினர்.

அவரே பின்னர், புதிய ஆலையின் வாயிலில், கதவு திறந்து தொழிலாளரை வரவேற்கும் தம் தந்தையின் சிலையை நிறுவ விரும்பித் தெண்டாயை நாடினார். இறந்தவளின் உறவினனுக்கு வேலை கொடுத்தால் ஊர்வாய் அடங்கும் என்பது அவர் எண்ணம். தெண்டாய் இசைந்தான். "அவன் அப்பன் மொகத்தச் செதுக்குற கையால என்னத் தொடாதீக" என்று சொன்னதோடு மாரிசெல்வி அவனிடம் பேச்சை நிறுத்தினாள். அவளிடமும் அவன் தன் கருத்தை வெளியிடவில்லை. திறப்புநாள்வரை சிலைமேல் படைத்தவன் கண்ணன்றிப் பிறர் கண் படலாகாதென்பது தன் நாட்டு மரபென்று பெத்தணனிடம் பொய்யுரைத்து, பகையையே உணவாக உண்டு உழைத்தான்.

திறப்புநாளில் ஊரார் சூழ்ந்து நிற்கத் திரை விலகியது. மூடிய தேக்குக் கதவொன்றே தெரிந்தது. தாழ் வெளிப்புறத்தில் இருந்தது.

"தாள நீங்களே நீக்குங்கய்யா. உள்ள நிக்கிறவுக உங்களுக்காகத்தான் காத்திருக்காக" என்றான் தெண்டாய்.

தந்தையைக் காணும் பெருமிதத்தோடு பெத்தணன் தாழை நீக்கினார். உள்ளங்கைகள் இரண்டும் முன்னே நீண்டிருக்க, வாய் பிளந்து, விழி பிதுங்கி, கருங்கல்லில் சினேகா நின்றாள். நெருப்பை மிதித்தவர்போல் அவர் பின்வாங்கினார். அவளைப் பெற்ற மாரித்தாய் தணிந்த குரலில் கூறினாள்: "அன்னைக்கே இப்பிடித் தொறந்திருந்தா எம்புள்ள வீட்டுக்கு வந்திருக்குமே, மொதலாளி."

அச்சொல் அச்சத்தின் பூட்டை உடைத்தது. தீயில் தப்பிய அருணாதேவி முன்வந்து, கதவு தாழிடப்பட்டிருந்ததை ஊரறியச் சொன்னாள். அவளைத் தொடர்ந்து மற்றப் பெண்களும் சொன்னார்கள். சூலக்கரைக்குச் சென்று மாவட்ட ஆட்சியர் முன்னும் அதையே உரைத்தனர். பெத்தணன் சிறை புகுந்தார்.

தெண்டாய் களித்திருந்தான், மாரித்தாய் கொட்டகைக்கு வரும்வரை. "நல்லாத்தான் பழி வாங்குனீக, மாப்ளே. ஆனா அந்த மொகத்த என்னால பாக்க முடியல. சிரிச்ச மொகமா ஒண்ணு செஞ்சு தாங்க" என்று கேட்டாள் அவள்.

அவன் வேப்பங்கட்டை ஒன்றை எடுத்து அமர்ந்தான். எத்துணை முயன்றும் அச்சிரிப்பு கைக்கு வரவில்லை. ஓராண்டாக அவள் சாவையே எண்ணியெண்ணிச் செதுக்கியவன், அவள் வாழ்ந்த முகத்தை எங்கோ தொலைத்திருந்தான். பகைவனை வென்ற கை மரத்தின்மேல் செயலற்றுக் கிடக்க, அவன் கண்கள் நிறைந்தன.

மாரிசெல்வி அருகே வந்தமர்ந்தாள். அவன் விரலைப் பற்றி, மரத்தின் இடக்கன்னத்தில் மெல்ல ஊன்றி, "இங்கன குழி விழும் அவளுக்கு" என்றாள்.