சுத்தப் பக்கம்

மண்ணூர்பேட்டைப் பட்டறையில் லாரியிலிருந்து இறக்கியபோது அந்த இயந்திரம் படுக்கவைத்த தண்ணீர்த் தொட்டிபோல் இருந்தது. உள்ளே ஓர் ஆள் குனியாமல் நடக்கலாம். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. முன்னொரு காலத்தில் கப்பல் ஏறப் போகிறவர்களை, நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கடலோரத்து முகாம் ஒன்றில் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள். அங்கிருந்து கழற்றி வந்தது இது. அந்த முகாம் இப்போது அருங்காட்சியகம் ஆகிறது. சாயங்காலங்களில் பேய்க் கதை சொல்லிச் சுற்றிக்காட்டப் போகிறார்களாம். அதற்கு முன் இந்த இயந்திரம் பழையபடி வேலை செய்ய வேண்டும்.

ஆஸ்பத்திரிகளுக்குக் கிருமிநீக்க இயந்திரம் செய்கிற பட்டறை அது. செய்ததைச் சோதித்துப் பார்ப்பது தாட்சாயிணியின் வேலை. இயந்திரத்தைப் பற்றி அவளிடம் ஒரு கேள்வி கேட்டால் கையிலிருக்கும் டீ ஆறிவிடும்.

கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற ஜஸ்டின் கேட்டுவிட்டான். "எதுக்குக்கா ரெண்டு கதவு? ஒண்ணு பத்தாதா?"

"நடுவுல ஒரு செவுரு கீதுன்னு வெச்சிக்கோ. இந்தாண்ட அழுக்குப் பக்கம், அந்தாண்ட சுத்தப் பக்கம். கப்பலுக்குப் போறவன் துணிமணிய மூட்டை கட்டி இந்தாண்ட குட்ப்பான். அது மிசினுக்குள்ள பூந்து, நீராவில வெந்து, அந்தாண்ட வரும். அவன் தனியா குளிச்சிட்டு வேற வழியா வந்து வாங்கிக்குவான். ரெண்டு பக்கமும் கலக்கவே கூடாது. இந்தக் கம்பிய பாரு. ஒரு கதவு தொறந்திருந்தா இன்னொண்ண தொறக்க உடாது."

"எங்கம்மாவுக்கும் என் பொண்டாட்டிக்கும் நடுவுல இப்டி ஒரு கம்பி மாட்டிக் குடுக்கா. ரெண்டு வாயும் ஒண்ணா தொறந்துக்குது."

இயந்திரத்தோடு கூடவே வந்திருந்த முகாமின் காவலாளி அப்துல் ரசாக் சிரித்தார். "அந்தக் கம்பிக்கு எங்க ஊர்ல வேற கதை சொல்வாங்கம்மா. ரெண்டு கதவும் ஒண்ணாத் தொறந்தா செத்தவங்க இந்தப் பக்கம் வந்துருவாங்களாம். அதைத் தடுக்கத்தான் வெள்ளைக்காரன் கம்பி போட்டானாம்."

"செத்தவங்க எங்கேர்ந்து பாய் வந்தாங்க?"

"மூட்டை குடுத்தவங்க எல்லாரும் வெளிய வரலையேப்பா. காலரா, அம்மைன்னு கண்டா நோயாளிக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்க. மூட்டை மட்டும் சுத்தமாகி அந்தப் பக்கம் வந்து உக்காந்திருக்கும். வாங்க ஆள் இருக்காது. பொழுது சாயுற நேரத்துல அங்க யாரோ துணிய உதறுற சத்தம் கேக்கும்னு சொல்றாங்க."

"நீங்க கேட்டுக்கீறீங்களா?"

"நான் அதுக்கு முன்னாலயே வீட்டுக்குப் போயிருவேன்."

ஜஸ்டின் விழுந்து விழுந்து சிரித்தான். தாட்சாயிணி சிரிக்கவில்லை. அவளிடமும் வாங்க ஆள் இல்லாத மூட்டை ஒன்று இருந்தது.

கொரோனாவின் இரண்டாம் அலையில் அவள் கணவன் தமிழரசு ஆம்புலன்சில் ஏறியபோது நீலக் கட்டம் போட்ட சட்டை அணிந்திருந்தான். திரும்பி வந்தது அந்தச் சட்டை மட்டும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, வாயை ஒட்டி, மேலே மருந்து தெளித்துக் கொடுத்தார்கள். முகத்தைக் காட்டவில்லை. பையைத் திறக்காதீர்கள், திறந்தால் முகக்கவசம் இல்லாமல் திறக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் தமிழரசுவின் அம்மா சரசா அந்தப் பையை வாசலைத் தாண்ட விடவில்லை. அம்பத்தூர் வாடகை வீட்டின் மொட்டைமாடியில், மூடி போட்ட டிரம்மில், அது வருஷக்கணக்காகக் கிடந்தது.

இப்போது வெள்ளானூரில் சொந்தமாக ஒரு பிளாட் வாங்கியிருந்தார்கள். வரும் வாரம் குடிபோக வேண்டும். அந்தச் சட்டை தன் பீரோவில் இருக்க வேண்டும் என்பதைத் தவிரத் தாட்சாயிணி புது வீட்டில் தனக்கென்று எதையும் கேட்கவில்லை.

"அந்தப் பை அங்க வந்தா நா வரமாட்டேன். கொள்த்திடு," என்றாள் சரசா.

"அத்தை, அந்தக் கிருமி துணில கொஞ்ச நாளுதான் உசுரோட இருக்கும். எப்பவோ செத்துப்போயிருக்கும்."

"செத்துச்சின்னு நீ கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லைதான். தாட்சாயிணி யோசித்தாள். "ஆஸ்பத்திரி கத்தி கத்திரியெல்லாம் வேக வெக்கிறோமே, அந்த மாதிரி மிசின்ல போட்டு எட்த்தாரேன். அப்ப உடுவீங்களா?"

"அதுல போட்டின்னா சரி."

புது இயந்திரங்களில் வீட்டுத் துணியைப் போட முதலாளி விடமாட்டார். பழைய இயந்திரத்துக்கோ, சோதித்துப் பார்க்க எப்படியும் துணி வேண்டும். தாட்சாயிணி கேட்டதும் அவர் தலையாட்டிவிட்டார்.

சோதனை நாளன்று அவள் எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். இயந்திரத்தின் நடுவே தார்ப்பாய் கட்டி, பட்டறையை இரண்டு பக்கமாகப் பிரித்தாள். அழுக்குப் பக்கத்தில் நின்று, கையுறையும் முகக்கவசமும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பையின் வாயை வெட்டினாள். சட்டையைக் கம்பிக் கூடையில், பழைய கம்பளிகளுக்கு நடுவே வைத்தாள். காலிப் பையை வெளியே கொண்டுபோய்க் கொளுத்தினாள். கையைக் கழுவிக்கொண்டு சுற்றிப் போய்ச் சுத்தப் பக்கத்தில் நின்றபிறகுதான் முகக்கவசத்தைக் கழற்றினாள். அங்கே ரசாக் காத்திருந்தார்.

"உடனே நீராவிய விட மாட்டீங்களாம்மா?"

"மொதல்ல உள்ள கீற காத்த உறிஞ்சி எடுக்கணும் பாய். துணி மடிப்புல காத்து இருந்தா நீராவி உள்ள பூராது. அடுப்பு மேல இருக்கிற சூட்டுல கைய கொஞ்ச நேரம் காட்டலாம். இட்லிப் பானை மூடிய தொறந்ததும் காட்ட முடியுமா? அந்த நீராவி தோல்ல பட்டதும் தண்ணியா மாறுது. மாறும்போது வெச்சிருந்த சூட்ட பூரா அங்கியே எறக்கிடுது. துணி ஒவ்வொரு நூலுலயும் அப்டி எறங்கணும். அதான் நீராவிய கொஞ்சங்கொஞ்சமா உட்டு, அதோட காத்தயும் உறிஞ்சி அந்தாண்ட பைப் வழியா..."

தார்ப்பாய்க்கு அப்பாலிருந்து ஜஸ்டின் கத்தினான். "அக்கா, பைப்ல இன்னா வாசன இது? சந்தனப் பவுடரு, தேங்கா எண்ண... கூட பீடி. யாரோ ஆம்பள வந்து பக்கத்துல நிக்கிற மாரியே கீதுக்கா!"

அது தமிழரசுவின் வாசனை.

இலையிலிருந்து தைலம் எடுப்பதும் நீராவியால்தான். நீராவி இலையின் வாசனையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். அது அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு விளக்கியும் இருக்கிறாள்.

தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஓடினாள். ஜஸ்டின் பயந்துபோய் வால்வை மூடினான். அவள் குழாய் வாயருகே குனிந்தாள். ஈர இரும்பின் வாசனைதான் வந்தது.

"கிட்ட போவாதக்கா, சுட்ரும். இன்னாச்சி, லீக்கா?"

"அந்த வாசன எங்கடா?"

"வந்துச்சிக்கா. இப்பதான் போய்ட்ச்சி." அவன் அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தான். "நிறுத்திட்டேன். எட்த்துரலாமா?"

பாதியில் எடுத்தால் வெந்ததாகச் சொல்ல முடியாது. சொன்னால் அது பொய். வேகாத சட்டை வெள்ளானூருக்கு வராது. தாட்சாயிணி குழாயைப் பார்த்தபடியே நின்றாள்.

"உடு," என்றாள் கடைசியில்.

ஜஸ்டின் வால்வைத் திறந்தான். அவள் மறுபடி கையைக் கழுவிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள். பின்கதவு திறந்தபோது சட்டை வெதுவெதுப்பாக, சுருக்கத்தோடு வந்தது. ரசாக் தன் துண்டை விரித்து, அதில் வாங்கி, அவளிடம் கொடுத்தார்.

வீட்டில் சரசா பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "முட்ஞ்சிதா?"

"முட்ஞ்சிது அத்தை. முழுசா வெந்துச்சி."

சரசா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சட்டையைப் பறிப்பதுபோல் வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள். பிறகு காலரை மோந்தாள். அக்குளை, சட்டைப் பையை, பித்தான் பட்டியை மோந்தாள்.

"ஒண்ணியும் காணமேடி."

"நீராவில போய்ட்ச்சி அத்தை."

"கிருமி போவும்னுதான சொன்ன? இவன் போவான்னு சொல்லலியே." சரசாவின் கை சட்டையைத் திருப்பித் திருப்பித் தேடியது. "தெனிக்கும் மொட்டைமாடிக்குப் போவேன். டிரம்முக்கு முன்னாடி நிப்பேன். புள்ளைக்கு எதனா ஆய்டும்னு தொறக்காம வந்துருவேன்... அந்தப் பையாச்சும் கீதா? பிளாஸ்டிக்கு?"

"கொள்த்திட்டேன்."

தன் வாயால் சொன்னதுதான் என்று சரசாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். சட்டையை மருமகளிடம் நீட்டினாள். "நீ ஒரு தபா பாரு. எனுக்கு மூக்கு செரியில்ல."

தாட்சாயிணி அருகில் உட்கார்ந்து வாங்கினாள். காலருக்குள் முகத்தை வைத்து, மெல்ல மூச்சை இழுத்தாள். சரசா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசா கீது அத்தை," என்றாள் தாட்சாயிணி.

"எங்க?"

"இங்க. கழுத்தாண்ட."

சரசா அவள் விரல் காட்டிய இடத்தில் முகத்தைப் புதைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.