உலோகத்தைப் பிடித்த ஹைட்ரஜன்

எங்கள் வீட்டில் பொய் சொல்கிறவர்கள் கிடையாது. கருத்தரங்கில் அத்தனை பேர் முன்னால் என் தம்பியின் ஆய்வைப் பொய் என்று சொன்னவர் வெளியாளாக இருந்தால் நாய் குரைத்தது என்று விட்டிருப்பேன். சொன்னது என் மகளின் கணவர்.

தம்பி கண்டது இது: உலோகச் சேர்மம் கரைந்த கரைசலில் ஆல்கஹாலைச் சேர்த்தால், ஆல்கஹாலின் ஹைட்ரஜன் நேராகப் போய் நடுவிலிருக்கும் உலோகத்தையே பிடிக்கும். மாப்பிள்ளை ஒப்பவில்லை. உலோகத்தைச் சுற்றிக் கார்பன்–ஆக்ஸிஜன் ஜோடிகள் காவல் நிற்கின்றன, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆக்ஸிஜனைத் தாண்டி ஹைட்ரஜன் உள்ளே போகாது என்றார்.

"என் கண் முன்னால செஞ்சு பாருங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டேன். ஆய்வகத்தின் தலைவன் நான், வீட்டுக்கு மூத்தவனும் நான்தான்.

கரைசலைக் குளிரவைத்து அகச்சிவப்பு ஒளி பாய்ச்ச வேண்டும். ஹைட்ரஜன் உலோகத்தைப் பிடித்திருந்தால் கார்பன்–ஆக்ஸிஜன் கட்டு இறுகும், கருவியின் திரையில் பழைய கோட்டுக்கு மேலே புதிய கோடு முளைக்கும். ஆக்ஸிஜனைப் பிடித்திருந்தால் கட்டு தளர்ந்து கோடு கீழே வரும். வழக்கு அவ்வளவுதான்.

"மாப்பிள்ளை, மூக்குக்கண்ணாடியத் தொடச்சுக்குங்க. அப்புறம் தெரியலன்னு சொல்லக் கூடாது" என்றான் தம்பி.

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு சின்ன மாமா. கோடுல்ல மேல ஏறணும்!"

"ஏறும்யா. உங்க சம்பளமா அது, ஏறாம கெடக்க?"

நானே சிரித்துவிட்டேன். மாப்பிள்ளை திரவ நைட்ரஜனை ஊற்றினார். புகை மேசையில் வழிந்தது. கோடு அசைந்து, கீழே இறங்கியது.

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளை சிரித்தபடி திரும்பி, "சின்ன மாமா, இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

ஸ்டாண்டிலிருந்த இரும்புக் கம்பி எப்போது தம்பியின் கைக்கு வந்ததோ தெரியாது. தாடையில் விழுந்தது. விறகு பிளக்கிற சத்தம். மாப்பிள்ளை விழுந்தார். வாயிலிருந்து ரத்தத்தோடு பல் வந்தது. விழுந்தவரின் தோளில் இன்னொரு அடி. கால் பட்டு நைட்ரஜன் குடுவை வெடித்துக் கண்ணாடி சிதறியது.

வெறும் குளிருக்கே கோடு கொஞ்சம் இறங்கும். அது கரைப்பானின் வேலை. மாணவர்களுக்கு அதை வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்தவன் என் தம்பி. மாப்பிள்ளை சொல்ல வாயெடுத்ததும் அதைத்தான்.

"டேய், பொறுடா! கரைசல் இன்னும் முழுசாக் குளிரல!" என்று கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை. கருவியை உடைக்கக் கம்பியை ஓங்கினான். நான் குறுக்கே விழுந்து கருவியைக் கட்டிக்கொண்டேன்.

"தள்ளுண்ணா!"

"என்னை அடிச்சுப் போட்டுட்டு ஒடை."

அடித்தான். என் முழங்கை எலும்பு முறிந்ததை நான் கேட்டேன். என்னைப் பெற்றவர்கள் தலைமேல் ஆணை, நான் கத்தவில்லை. மறுபடி ஓங்கியவன் அப்படியே நின்றான். என் தோளுக்கு மேலே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பினேன். பழைய கோட்டுக்கு மேலே, ஊசி குத்தினாற்போல் புதிய கோடு.

"அண்ணா... மேல..." என்றான். கம்பி கையிலேயே இருந்தது. நல்ல கையால் அவன் முகத்தில் ஒரு குத்து விட்டேன். மூக்கு உடைந்தது. வழிந்த ரத்தத்தை அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து ஆய்வறையிலிருந்து ஓடி வந்த என் மகள் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கப்பா" என்றாள். சித்தப்பன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஆம்புலன்ஸோடு காவலர்களும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் என்னை அறிந்தவர். தரையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பெரிய குடும்பம். குடுவை வெடிச்சதுல பட்ட அடின்னு எழுதிக்கட்டுமா சார்?"

தம்பி என்னைப் பார்த்தான்.

"கண்டுபிடிப்பு இவனோடது, அது சரியாத்தான் இருக்கு. அதை நானே கருத்தரங்குல சொல்லுவேன்" என்றேன். "அடிச்சதும் இவன்தான். அப்படியே எழுதுங்க."